நாற்பது பேர் கல்யாணமும் ஒரு லாரி ஜல்லியும்

வில்லோ பெண்ட், மானிட்டோபா
ஜூன் 29

அன்பும் மரியாதையும் நிறைந்த ஒல்ஹா அக்காவுக்கும் மைரோன் அத்தானுக்கும் தம்பி ஒரெஸ்ட் பணிவோடு எழுதுவது.

இங்கே நானும் இரேனாவும் சௌக்கியம். அவளுடைய இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக அவதிப்படுகிறது. அங்கே கெலோனாவில் நீங்களும், அத்தானும், பிள்ளைகள் ஐவரும், மருமக்களும், பேரக்குழந்தைகளும் ஆகப் பத்தொன்பது பேரும், தோட்டத்துச் செர்ரி மரங்களும் நலமாக இருக்க வேண்டுமென்று ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வேண்டிக்கொள்கிறேன். பத்தொன்பது என்று தலையை எண்ணிச் சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த எண் எனக்கு மனப்பாடம் ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. வெட்கத்தோடு கீழே சொல்கிறேன்.

தங்கள் கடிதம் புதன்கிழமை வந்து சேர்ந்தது. கடிதம் என்றாலும் இரண்டே வரிதான். முதல் வரி, "நாற்பது பேரில் நான் நாற்பத்தொன்றா?" இரண்டாவது வரி, "கல்யாணப் படம் ஒவ்வொன்றிலும் பின்னால் நின்று முறைக்கிற அந்தக் கிழவர் யார்? அவருக்கு மட்டும் எப்படி இடம் கிடைத்தது?" கீழே கையெழுத்துகூட இல்லை. உறையை உதறிப் பார்த்தேன், வேறொன்றும் விழவில்லை. இரேனா அதைப் படித்துவிட்டு, "முதல் கேள்விக்கு நீங்களே பதில் எழுதுங்க, ரெண்டாவதுக்கு வேணும்னா நான் உதவி பண்றேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆகவே இரண்டுக்கும் நானே எழுதுகிறேன். அந்தக் கிழவர் மாப்பிள்ளையின் தாத்தா அல்ல. நம் சொந்தமும் அல்ல. அவர் நிற்கவும் இல்லை. அது அவருடைய படம். கல்யாணத்தன்று காலை பத்து மணிக்குத்தான் அவரை அடக்கம் செய்தார்கள்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். லெசியாவுக்கு இருபத்தொன்பது வயது, பிராண்டனில் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள், வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவள், அவள் முன்னால் நாம் வாயைத் திறக்க முடியாது. மாப்பிள்ளை ஹால்டோர் கிம்லி பக்கம், ஏரியில் மீன் பிடிக்கிறவன், தங்கமான பையன், ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசுவான். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். "அப்பா, ஆறாயிரம் டாலர், நாற்பது பேர். அதுக்கு மேல ஒரு டாலர் கடன் வாங்கினாலும் கல்யாணம் கிடையாது" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் தானியக் கிடங்கில் கோதுமை நிறுத்தவன் நான், என் மகளுக்கு அளவு தெரிகிறதே என்று பெருமைப்பட்டேன். இரேனா அழுதாள். எங்கள் கல்யாணத்துக்கு நானூறு பேர் வந்ததும், மூன்று நாளும் நீங்கள் உட்காராமல் நின்று பரிமாறியதும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

நாற்பதில் மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேர் போதும் என்றார்கள். மிச்சம் முப்பத்துநாலு. இரேனாவின் உடன்பிறந்தவர்கள் ஏழு பேரும் பதினைந்து கிலோமீட்டருக்குள் குடியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களையும் அவரவர் குடும்பத்தையும் எழுதி முடித்தபோது முப்பத்துநாலு நிரம்பி, எனக்கும் இரேனாவுக்கும் இடம் இருக்கிறதா என்று இரண்டாவது தடவை எண்ண வேண்டியிருந்தது. அக்கா, பட்டியலில் உங்கள் பெயரை அடித்தது இரேனா இல்லை, லெசியாவும் இல்லை. நான்தான், என் கையாலேதான் அடித்தேன். உங்களையும் அத்தானையும் மட்டும் கூப்பிட்டால் பிள்ளைகளுக்கு வருத்தம், எல்லோரையும் கூப்பிட்டால் பத்தொன்பது. மச்சான்களைக் கூப்பிடலேன்னா தினம் தினம் தபால் ஆபீஸ்ல முகத்துல முழிக்கணும், அக்கா ஆயிரத்தெழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்காங்க, அவங்க கோபம் இங்க வந்து சேர்றதுக்குள்ள ஆறிடும்னு கணக்குப் போட்டேன். போட்ட கணக்கு தப்பு. புதன்கிழமை சூடாகத்தான் வந்தது.

இனி ஜல்லிக்கு வருகிறேன். செலவுக்குக் கை கொடுக்கட்டும் என்று வழக்கம்போல ஏப்ரலில் ஒரு சோஷல் வைத்தோம். நீங்கள் அங்கே போய் முப்பது வருஷம் ஆனாலும் மறந்திருக்காது, டிக்கெட் போட்டு ஊரைக் கூட்டி, ஆட்டமும் பாட்டமும் வைத்து, கடைசியில் பரிசுக் குலுக்கல். ஊர்க்காரர்கள் நல்ல மனசோடு பரிசு கொடுத்திருந்தார்கள். அரைப் பன்றி இறைச்சி, பனி தள்ளுகிற இயந்திரம், ஒரு லாரி ஜல்லி. ஆனால் குலுக்கல் சீட்டு வாங்க ஆள் இல்லை. மேஜையில் சீட்டு குவிந்து கிடந்ததைப் பார்த்து லெசியாவின் முகம் வாடியது. நான் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று யாருக்கும் தெரியாமல் நாலு கட்டுச் சீட்டு வாங்கிவிட்டேன். முதல் சீட்டு எடுத்தார்கள், அரைப் பன்றி, ஒரெஸ்ட் டெம்சுக். கை தட்டினார்கள். இரண்டாவது எடுத்தார்கள், பனி இயந்திரம், ஒரெஸ்ட் டெம்சுக். இரண்டு பேர் தட்டினார்கள். மூன்றாவது எடுத்தபோது கூடத்தில் சத்தமே இல்லை, பின்வரிசையில் யாரோ, "பொண்ணோட அப்பனே எல்லாத்தையும் அள்ளிட்டுப் போறான்யா, அந்த டப்பாவைக் கவுத்துப் பாருங்க" என்று சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. நான் மேடை ஏறி, எல்லாவற்றையும் திருப்பித் தருகிறேன், ஏலம் விடுங்கள் என்றேன். பன்றியும் போயிற்று, இயந்திரமும் போயிற்று. ஜல்லியை ஒருத்தரும் சீண்டவில்லை. ஜல்லிக்காரர் ஒரு தாளை நீட்டி, எங்கே கொண்டுவந்து போட வேண்டும் என்று எழுதச் சொன்னார். நான் இருந்த மனநிலையில் "வாசலில்" என்று எழுதினேன். எந்த வாசல், எந்த நாள் என்று எழுதவில்லை.

கூடம் கிடைத்தது தனிக் கதை. சனிக்கிழமைகள் எல்லாம் போய்விட்டன என்று கூடத்துச் சாவி வைத்திருக்கிற பெட்ரோனெல்லா அம்மாள் சொன்னார். அவருக்கு எழுபத்தெட்டு வயது, இடுப்பில் தொங்குகிற சாவிக்கொத்து அவரைவிடக் கனம். கல்யாணத்துக்கு மூன்று நாளுக்கு முன்பு வரை தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கிற கார் நிறுத்துமிடத்தில்தான் பந்தல் போடுவதாக இருந்தோம். புதன்கிழமை அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். "ஒரெஸ்ட்டு, உனக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருக்கு, மெத்தோடி ஸ்லோபோடியன் செத்துட்டாரு" என்றார். சனிக்கிழமை வரவேண்டிய ஏலக்காரர்கள் அவருக்காக விலகிக்கொண்டார்களாம். மத்தியானம் அடக்கச் சாப்பாடு, மூணு மணிக்கு முடிஞ்சிடும், நாலு மணியிலேர்ந்து நீ எடுத்துக்கோ, பாதி வாடகை, மேஜை நாற்காலி போட்டபடி இருக்கும், பூவும் இருக்கும் என்றார். பூ எப்படி அம்மா என்று தயங்கினேன். "வெள்ளை லில்லிக்கு யாருக்காகப் பூத்தோம்னு தெரியுமா" என்று கேட்டார். சரி என்றுவிட்டேன்.

பதினாலாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு நான் முகத்தில் சோப்போடு நிற்கிறேன், வெளியே இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் லாரி காலியாகப் போய்க்கொண்டிருக்கிறது, ஓட்டுநர் கையசைத்து வாழ்த்துச் சொல்கிறார், நம் கார் கொட்டகைக் கதவின் கைப்பிடி வரைக்கும் ஜல்லி. அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிற பழைய மரக்கதவு. உள்ளே கார் இருக்கிறது, அது போகட்டும். உள்ளே பெரிய உறைபெட்டி இருக்கிறது. அதில் இரேனாவும் அவள் தங்கைகளும் ஒரு மாதம் உட்கார்ந்து உருளைக்கிழங்குப் பூரணம் வைத்து மடித்த ஆயிரத்து நானூறு பெரோகி இருக்கிறது. அதுதான் கல்யாணச் சாப்பாடே. இரேனா வெளியே வந்தாள், ஜல்லியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய் மண்வெட்டி எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். அக்கா, அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தி வீட்டார் முதன்முதலாக நம் வீட்டுக்கு வருகிறார்கள். ஆறு பேர், எல்லோரும் புது உடுப்பு, கையில் புகையில் வாட்டிய மீன் ஒரு தட்டு. சம்பந்தியைக் கட்டித் தழுவி வரவேற்க வேண்டியவன், முகத்தில் பாதிச் சோப்போடு ஜல்லிமேல் நிற்கிறேன். ஹால்டோர் கோட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டினான். அன்றைக்கான ஆறு வார்த்தையில் இரண்டைச் செலவு பண்ணி, "நகருங்க மாமா" என்றான். இரண்டு மணி நேரம் எல்லோருமாக வாரியும் கதவு ஒரு முழம்தான் திறந்தது. அந்தச் சந்துக்குள் நுழையக்கூடிய உடம்பு எங்கள் பக்கத்தில் யாருக்கும் இல்லை. கடைசியில் ஹால்டோரின் அம்மா, அறுபத்தெட்டு வயசு, காற்றடித்தால் சாய்கிற மாதிரி ஒல்லி, தொப்பியைக் கழற்றி இரேனாவிடம் கொடுத்துவிட்டுப் பக்கவாட்டில் நுழைந்து உள்ளே போனார். ஒவ்வொரு பெட்டியாக நீட்டினார். ஆறாவது பெட்டி வந்ததும் ஜல்லி சரிந்து கதவு மறுபடி மூடிக்கொண்டது. சம்பந்தியம்மாள் உள்ளே. பதினாலு பெட்டி பெரோகியோடு. அவரைப் பின்பக்கத்துப் பலகையைப் பெயர்த்து வெளியே எடுத்தோம், பெட்டிகள் அந்த ஓட்டையில் நுழையவில்லை. வெளியே வந்தவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "உள்ள நல்லா குளுகுளுன்னு இருக்கு." பெரிய மனசு, அக்கா.

நாற்பது பேருக்கு ஆறு பெட்டியை வைத்துக்கொண்டு நாலு மணிக்குக் கூடத்துக்குப் போனால் அங்கே அடக்கச் சாப்பாடு முடியவில்லை. முடியவில்லை என்ன, ஆரம்பிக்கவே இல்லை போலிருந்தது. மேஜை மேஜையாக முட்டை ரொட்டி, பன்றி ரொட்டி, ஊறுகாய், மூன்று வரிசைக்கு இனிப்புப் பலகாரம், எல்லாம் துணி மூடினபடி. மேடையில் ஒரு மனிதர் உயரத்துக்கு மெத்தோடியின் படம், நீங்கள் பார்த்த அதே முறைப்பு. கீழே ஒன்பது பேர் சிதறி உட்கார்ந்திருந்தார்கள். டொரண்டோவிலிருந்து வந்த அவருடைய அண்ணன் மகள் அடெலா தனியாக ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தாள். மெத்தோடியை உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ, ஏரிக்கரைச் சாலையில் ஒண்டிக்கட்டையாக இருந்தவர், ஊரில் அவரோடு சண்டை போடாத ஆளும் இல்லை, அவர் கல்லெறியாத நாயும் இல்லை. நான் பெட்ரோனெல்லா அம்மாளைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார். நான் அடெலாவிடம் போய், அம்மா எங்களுக்கு நாலு மணிக்குக் கூடம் என்று சொல்ல வாயெடுத்தபோது லெசியா என்னைத் தள்ளிவிட்டு, கல்யாண உடுப்போடு அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நூத்தியிருபது பேருக்குச் சொல்லியிருந்தேங்க" என்றாள் அடெலா. "ஒன்பது பேர் வந்திருக்காங்க. அதுல ரெண்டு பேர் ஏலம்னு நெனச்சு வந்தவங்க."

லெசியா கொஞ்ச நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "எங்ககிட்ட நாற்பது பேர் இருக்காங்க, சாப்பாடு இல்ல. உங்ககிட்ட சாப்பாடு இருக்கு, ஆள் இல்ல."

அடெலா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டே நிபந்தனை போட்டாள். சித்தப்பா படத்தை ராத்திரி வரை எடுக்கக் கூடாது. சாப்பிடுகிற ஒவ்வொருவரும் எழுந்து அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். முதல் நிபந்தனையால் வந்ததுதான் அக்கா, நீங்கள் பார்த்த படங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் முத்தமிடுகிற படத்தில் அவர் சரியாக நடுவில் வந்திருக்கிறார்.

கல்யாணத்தை நடத்தி வைத்தது நம் விக்டர். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டுநர் தேர்வில் பெயில் போட்டவர், இப்போது ஓய்வு. ஒரு நாளைக்கு மட்டும் கல்யாணம் செய்து வைக்கிற அதிகாரம் சாதாரண ஆளுக்கும் கொடுக்கிறார்கள், அவர் எழுதிப் போட்டு வாங்கியிருந்தார். ஊறவைத்த பீட்ரூட் இரண்டு பாட்டில்தான் கூலி. வந்தவர் அட்டையில் தாள் செருகி, பேனாவைத் தட்டிக்கொண்டு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஹால்டோர் அவரிடம் இரண்டு தடவை பெயில் ஆனவனாம், அது எங்களுக்குத் தெரியாது. "இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்ளச் சம்மதமா" என்று அவர் அந்தப் பழைய குரலில் கேட்டதும் பையன் விறைப்பாக நின்று, "சம்மதம் சார், ரெண்டு பக்கமும் பார்த்துட்டேன்" என்றான். விக்டர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, "பாஸ்" என்றார். கூடமே எழுந்து தட்டியது. ஏலத்துக்கு வந்த இரண்டு பேரும் தட்டினார்கள்.

அப்புறம் சாப்பாடு, அப்புறம் நல்ல வார்த்தை. எழுந்து நின்றால் ஒருத்தனுக்கும் ஒன்றும் வரலை. கடைசியில இரேனாவோட பெரிய அண்ணன் எழுந்து, "மெத்தோடிகிட்ட கைமாத்து கேட்டா உடனே இல்லைன்னுடுவாரு, மனுஷனை அலைய விடமாட்டாரு" என்றார். இன்னொருத்தர், "என் நாயை அவர் கல்லால அடிச்சப்போ குறி தவறவே இல்ல, எழுபது வயசுல அப்படி ஒரு பார்வை" என்றார். சம்பந்தியம்மாள் அவரை அறியாதவர், எழுந்து படத்தை ரொம்ப நேரம் பார்த்து, "நல்ல முடி" என்றார். அடெலா சிரித்தாள். அழுகையும் சிரிப்புமாக அந்தப் பெண் உட்கார்ந்திருந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாட்டுக்கு நாங்கள் ஏற்பாடு பண்ணியிருந்த பெட்டி காருக்குள்ளே, கார் ஜல்லிக்குள்ளே. அந்த ஒன்பது பேரில் ஒருவர் அடக்கத்துக்கு வாசிக்க வந்த அக்கார்டியன்காரர், அவருக்குத் தெரிந்தது நாலு ஒப்பாரி. அதையே வேகமாக வாசிக்கச் சொன்னோம். போல்கா ஆகிவிட்டது. ஏழு மணி வரைக்கும் ஆடினோம் அக்கா, துக்கத்துக்கு வந்தவங்களும் ஆடினாங்க, பெட்ரோனெல்லா அம்மா ஆடினப்போ அந்தச் சாவிக்கொத்து தாளம் போட்டுச்சு.

என் முறை வந்தப்போ நானும் எழுந்தேன். பெண்ணைப் பெத்தவன் பேசணும்ல. தாளில் எழுதி வெச்சிருந்தேன், அது கார்ல இருந்தது. நின்னு பார்க்கிறேன், சுவத்தோரமா நாற்காலி நாற்காலியா காலியாக் கிடக்கு. நூத்தியிருபதுக்குப் போட்டதுல எழுபதுக்கு மேல சும்மாக் கிடக்கு. சாப்பாடும் மிச்சம் கிடக்கு. பத்தொன்பது பேர் தாராளமா உட்கார்ந்திருக்கலாம். அந்த மனுஷன் படத்துலேர்ந்து என்னையே முறைக்கிறான். "எல்லாரும் நல்லா இருங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துட்டேன். எல்லாரும் பெண்ணைப் பிரிகிற துக்கம்னு நெனச்சாங்க. இரேனா மட்டும் மேஜைக்கு அடியில என் கையைப் பிடிச்சு, "அக்காதானே" என்றாள்.

இவ்வளவுதான் நடந்தது. மன்னிப்பு கேட்கிறதுக்கு என்னிடம் வேறு வார்த்தை இல்லை. லெசியாவுக்கு இன்னொரு கல்யாணம் வைத்து உங்களைக் கூப்பிடவா முடியும்? நடந்தது நடந்துவிட்டது, எழுதியது எழுதியதுதான். எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், கையெழுத்தில்லாத கடிதம் மட்டும் இனி எழுத வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தனித்தனியே முத்தம், மொத்தம் எத்தனை என்று நான் இனிமேல் எண்ணுவதாக இல்லை. உங்கள் வீட்டில் செர்ரி நிறையவும், சளி குறையவும், ஆண்டவர் உங்கள் மனதில் என்மேல் இரக்கம் வைக்கவும் வேண்டி முடிக்கிறேன்.

என்றும் உங்கள் அடி வாங்கத் தயாரான தம்பி,
ஒரெஸ்ட்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, இன்று திங்கட்கிழமை காலை, விக்டர் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியிலேயே நின்றார். கல்யாணத் தாளை அரசாங்கத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவர் அதிகாரம் கேட்டு எழுதியபோது ஜூன் பதினாலு என்பதற்கு ஜூலை பதினாலு என்று எழுதித் தொலைத்திருக்கிறார். நடந்தது செல்லாது. லெசியாவுக்கும் ஹால்டோருக்கும் இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஜூலை பதினாலு திங்கட்கிழமை, அந்த ஒரு நாள்தான் அவருக்கு அதிகாரம். ஊரில் எல்லோருக்கும் வேலை நாள். கூடம் இல்லை, பூ இல்லை, கையில் ஒரு டாலர் இல்லை, ஜல்லியை வாரிவிட்டதால் பெரோகி மட்டும் பதினாலு பெட்டி இருக்கிறது. சட்டப்படி சாட்சிக்கு இரண்டு பேர் போதும். லெசியாவிடம் தொலைபேசியில் யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டேன். "இதையும் கேட்கணுமாப்பா, ஒல்ஹா அத்தையும் மாமாவும்தான்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அத்தான் காரோட்டினால் இரண்டு நாள். பத்தொன்பது பேரும் வந்தாலும் சரி, கொல்லையில் இடம் இருக்கிறது. ஆகவே மேலே எழுதியிருப்பதையெல்லாம் தயவுசெய்து அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்களை அழைக்காமல் என் மகள் கல்யாணத்தை நடத்திவிட்டேன் என்று இனி உலகத்தில் யாரும் என்னைச் சொல்ல முடியாது. கல்யாணமே நடக்கவில்லை.